கரண்ட் எங்கேயிருந்து வருது? தண்ணீர், நிலக்கரி, வெயில், காற்று

மஸ்கெலியா, நோர்வூட், நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அணைக்கட்டு புதிதல்ல. கொழுந்து எடுக்கும் மலையில் நின்று பார்த்தாலே நீர்த்தேக்கம் தெரியும். "இவ்வளவு தண்ணி நம்ம காலடியிலே கிடக்கு, பிறகு ஏன் கரண்ட் வெட்டுறாங்க? ஏன் லைட் பில் ஏறுது?" என்று கேட்காத லயம் இல்லை. கேள்வி நியாயமானது. அதற்குரிய பதிலை விளங்கிக்கொள்வோம்.

தண்ணீர் தந்த வெளிச்சம்

மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துக் கூறினார். லக்ஸபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீயிலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் விமலசுரேந்திர மின்நிலையத்தையும், அடுத்துப் பழைய லக்ஸபானவையும், பிறகு பொல்பிட்டியவையும் சுழற்றுகிறது. ஒரே தண்ணீருக்கு மூன்று வேலை! 1980களில் மகாவலியில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல வந்தன. 150 மெகாவாட் மேல் கொத்மலை 2012இல் தலவாக்கலையில் திறக்கப்பட்டது.

இதற்காக மலையகம் கொடுத்த விலையும் உண்டு. பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. தலவாக்கலையில் குடும்பங்கள் வீடு மாற வேண்டியிருந்தது.

தண்ணீர் மட்டும் ஏன் போதாது?

மழைத் தண்ணீருக்கு எண்ணெய்ச் செலவு இல்லை. ஆனால் மழை நம் சொல் கேட்காது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெயில் காலத்தில் மலையில் கொழுந்து குறைவது நமக்குத் தெரியும். அதே மாதங்களில் நீர்த்தேக்கமும் இறங்குகிறது. கடும் வரட்சியில் மவுசாக்கலையில் பழைய கோயில் வெளியே தெரிந்தால், நாட்டின் மின்சாரக் கணக்கும் இடிக்கிறது என்று அர்த்தம். தண்ணீரையே பெரிதும் நம்பியிருந்த காலத்தில், 1996இல் வரட்சி வந்தபோது, நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டு ஏற்பட்டது.

நிலக்கரியும் எண்ணெயும்

அதன் பிறகு எண்ணெய் மின்நிலையங்கள் கூடின. நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் 2011இல் தொடங்கி, 2014இல் 900 மெகாவாட்டாக முடிந்தது. மழையோ வெயிலோ, இரவோ பகலோ, நிலக்கரி இருந்தால் அது ஓடும். அதுதான் அதன் பலம்.

பலவீனம் இரண்டு. ஒன்று புகையும் சாம்பலும். மற்றது டொலர். நிலக்கரி கப்பலில் வருகிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் நுரைச்சோலைக் கடல் கொந்தளிப்பதால் இறக்க முடியாது. மழைக்கு முன்னே நாம் விறகு சேர்த்து வைப்பது போல, அங்கேயும் முன்கூட்டியே குவித்து வைக்க வேண்டும். எண்ணெய் இன்னும் விலை கூடியது. 2022இல் நாட்டில் டொலர் இல்லை, எண்ணெய் வாங்க முடியவில்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூட்டப்பட்டது. அதன் பிறகு கட்டணம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது.

வெயிலும் காற்றும்

2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைத் தண்ணீர், வெயில், காற்று போன்ற தீராத மூலங்களிலிருந்து எடுப்பது அரசாங்கத்தின் இலக்கு. மன்னாரில் காற்றாலைகள் சுழல்கின்றன. ஊரெங்கும் கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறியிருக்கின்றன. இவற்றுக்கு டொலரில் எண்ணெய் வாங்க வேண்டாம்.

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல். வெயில் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு. நாட்டில் கரண்ட் அதிகம் தேவைப்படுவது மாலை 6.30க்குப் பிறகு, எல்லா வீட்டிலும் லைட், டீ.வி. போடும் நேரத்தில். அப்போது சூரியத் தகடு தூங்கிவிடும்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் வந்த கோளாறு அது. "ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்குமா?" என்று பலரும் சிரித்தார்கள். அன்று விடுமுறை, தேவை குறைவு, வெயில் மின்சாரம் அதிகம். திடீர் அதிர்ச்சியைத் தாங்கிப் பிடிப்பது மின்நிலையங்களில் சுழலும் பெரிய இயந்திரங்கள்தான். அவை குறைவாக ஓடியதால் தாங்க முடியவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது.

அப்படியானால் வழி என்ன? பகலில் வெயிலைப் பயன்படுத்தி, அணைத் தண்ணீரை இரவுக்கு மிச்சம் பிடிக்க வேண்டும். மீதியாகும் பகல் கரண்டைச் சேமிக்கவும் வேண்டும். பெரிய பற்றரிகள் ஒரு வழி. மற்றது, பகலில் தண்ணீரை மேலே உள்ள குளத்துக்கு ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுப்பது. மகா ஓயாவில் 600 மெகாவாட் அளவில் இப்படியொரு திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. சேமிப்பு வரும் வரை நிலக்கரியையும் எண்ணெயையும் ஒரேயடியாக விட முடியாது. தகடு மட்டும் கூடி, சேமிப்பு கூடாவிட்டால், இரவுக்கு விலை கூடிய எண்ணெய்தான் மிஞ்சும். அந்தச் செலவு கடைசியில் நம்ம பில்லில்தான் வந்து நிற்கும்.

நம்ம வீட்டுக் கணக்கு

* மாதம் 60 அலகு என்பது ஒரு எல்லை. அதைத் தாண்டினால், மேலே போன அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகுகளுக்கும் விலை கூடுகிறது. மாதம் ஒரு முறை நீங்களே மீற்றரைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

* 60 வாட் குண்டு பல்பு இரவில் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு. 9 வாட் எல்.ஈ.டி. பல்புக்கு ஒன்றரை அலகு கூட வராது.

* 1,000 வாட் அயன் பெட்டி ஒரு மணி நேரத்தில் ஒரு அலகு எடுக்கும். பள்ளிக்கூட உடுப்பை ஒரே தடவையில், பகலில் அயன் பண்ணுங்கள்.

* இரண்டு மூன்று வீடுகள் ஒரே மீற்றரில் எடுத்தால் எல்லார் அலகும் ஒன்றாகச் சேர்ந்து 60ஐத் தாண்டிவிடும். சிக்கனமாக இருக்கும் வீடும் கூடிய விலை கொடுக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீற்றர் கேட்பது சலுகையல்ல, நியாயம். தோட்டத் தலைவர் மூலமாக எழுத்தில் கேளுங்கள்.

* கணக்கு உங்கள் பெயரில் இல்லாவிட்டால் கூரைச் சூரிய மின்சார ஒப்பந்தமும் உங்கள் பெயரில் செய்ய முடியாது. புது வீடு கிடைக்கும்போது இதைக் கவனியுங்கள்.

கட்டணம் மாறும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அங்கே பெரிய கம்பெனிகளின் குரல் மட்டும் ஒலிக்கக் கூடாது. அணைக்கு இடம் கொடுத்த மலையகத்தின் குரலும் கேட்க வேண்டும். மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் இதைப் பற்றிப் பேசுங்கள்.