எஞ்சினுக்கு மரை கழன்றால்...!

மனிதருக்கு மரை கழன்றால் ஊர் சிரிக்கும். கார் எஞ்சினுக்குக் கழன்றாலோ, குடும்ப பட்ஜெட்டே அழும்!

உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? அது நின்ற இடத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். தரையில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அலட்சியம் வேண்டாம்.

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் அதை 'சம்ப்' என்பார்கள். பழைய எண்ணெயை வடிக்க அதில் ஒரு துவாரம். அதை அடைக்க ஓர் எஃகுத் திருகாணி. பல கார்களில் தொட்டி அலுமினியத்தால் ஆனது, எஃகைவிட மிருதுவானது. தோட்டுத் திருகாணியை அளவுக்கு மேல் முறுக்கினால் மரை போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இங்கேயும் அதே கதைதான். முதலில் எண்ணெய் சொட்டும். பிறகு ஒருநாள் திருகாணியே வழியில் விழுந்து எண்ணெய் முழுவதும் கொட்டிப் போகலாம். ஓட்டும்போது சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால், ஓரமாக ஒதுங்கி உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் சில நிமிஷங்களில் எஞ்சினே பாழ்!

பரிகாரம் என்ன? முதலில் திருகாணியையும் வாஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் குற்றம் அவற்றோடு நின்றுவிடும். துவாரமே கெட்டிருந்தால், சற்றுப் பெரிய திருகாணியைப் பலவந்தமாக ஏற்றிவிடுவதுண்டு. அவசரத்துக்குச் சரி, ஆனால் கோணலாக ஏறினால் தொட்டியே விரிந்துவிடும்.

நல்ல வைத்தியம், மரைச் சுருள். நைந்த மரையைக் குடைந்து நீக்கி, நேராகப் புது மரை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுச் சுருளை அதில் பதிக்கிறார்கள். கிழிந்த காஜாவைச் சுற்றிப் புது நூலால் தைப்பது போலத்தான்! பழைய அளவுத் திருகாணியே பொருந்திவிடும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வெட்டும்போது உதிரும் அலுமினியத் தூள் எஞ்சினுக்குள் தங்கக் கூடாது. தொட்டியைக் கழற்றிச் செய்வது உத்தமம். இல்லையேல் கருவியில் கிரீஸ் தடவி வெட்டி, கொஞ்சம் புது எண்ணெயை மேலிருந்து ஊற்றித் துவாரத்தின் வழியே வடித்துவிட வேண்டும்.

இனிமேலாவது திருகாணியை விரலால் ஏற்றிவிட்டுப் பிறகு ஸ்பானரை எடுக்கச் சொல்லுங்கள். பல கார்களுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். ஓர் அடி நீள ஸ்பானரின் முனையில் ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீரைத் தொங்கவிட்ட கனம்தான்! உங்கள் காருக்கு உரிய அளவை சர்வீஸ் கையேடு சொல்லும்.

வேலை முடிந்த அன்று இரவு, காரின் அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து வையுங்கள். காலையில் அது வெள்ளையாகவே இருந்தால், மெக்கானிக்குக்குத் தாராளமாக ஒரு டம்ளர் காப்பி கொடுக்கலாம்!