வலிப்புக்குப் பின் தோள் வலித்தால்...

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறும்போது முதலில் கெடுவது தூக்கம். தூக்கம் கெட்டால், ஏற்கெனவே வலிப்பு உள்ளவருக்கு அது மறுபடி வரும் வாய்ப்பு கூடும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நோயை மறைப்பவர்கள் உண்டு. அவர்கள் தோள்வலியையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

வலிப்பின்போது தசைகள் ஒட்டுமொத்தமாக இறுகுகின்றன. கையை உட்பக்கம் திருப்பும் தசைகளுக்கு வலு அதிகம். அவை இழுக்கும் இழுப்பில், மேற்கை எலும்பின் பந்து கிண்ணத்தை விட்டுப் பின்பக்கமாக நழுவிவிடக்கூடும். பொதுவாகத் தோள் முன்பக்கம்தான் நழுவும்; பின்பக்க நழுவல் நூற்றில் ஐந்துக்கும் குறைவு. வலிப்புக்காரர்களுக்கு இரண்டுமே நேரலாம்.

பின்பக்க நழுவல் ஏமாற்றக்கூடியது. நேராக எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு சரியாக இருப்பதுபோலவே தெரியும். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள், திரும்பாது. அக்குள் பக்கமிருந்து இன்னொரு படம், அல்லது சி.டி. ஸ்கேன் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். அதற்குள் சுளுக்கு என்று புத்தூர் கட்டுப் போட்டு வாரங்களைக் கடத்தினால், கிண்ணத்தின் விளிம்பு குத்திய இடத்தில் பந்தில் பள்ளம் பெரிதாகும்.

நழுவலில் கிழிந்த மூட்டுச் சவ்வை மட்டும் தைத்தால் அடுத்த வலிப்பில் அது மறுபடி பிய்ந்துபோகும் அபாயம் அதிகம். அதனால் எலும்பால் தடுப்பு கட்டுவதையே பல அறுவை நிபுணர்கள் விரும்புகிறார்கள். முன்பக்க நழுவலுக்கு, தோள்பட்டை எலும்பின் கொக்கி போன்ற முனையை வெட்டிக் கிண்ணத்தின் முன்விளிம்பில் திருகாணியால் பொருத்துவார்கள். பிரான்சின் அறுவை நிபுணர் லாத்தார்ஜே 1954-ல் விவரித்த முறை இது. பின்பக்க நழுவலில், பந்தின் பள்ளத்தைத் தசைநாணால் நிரப்பும் முறையை 1952-ல் அறுவை நிபுணர் மெக்லாக்லின் சொன்னார். பந்து மிகவும் சிதைந்திருந்தால் செயற்கை மூட்டுதான்.

ஆனால் வலிப்பு அடங்காத உடம்பில் திருகாணியும் நிலைக்காமல் போகலாம், பொருத்திய எலும்பும் உடையலாம். வலிப்பு மருந்துகளில் சில, நீண்டநாள் சாப்பிட்டால் எலும்பையே பலவீனமாக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே நரம்பியல் மருத்துவர் முதலில்; தோள் அறுவை அடுத்து. நழுவியபடியே பூட்டிக்கொண்ட மூட்டு மட்டும் காத்திருக்காது. அதற்கு இரு சிகிச்சையும் சேர்ந்தே நடக்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

உடன் வேலை செய்பவருக்கு வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காதீர்கள்; கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள், அதனாலேயே மூட்டு விலகலாம். எந்திரத்தின் அருகிலிருந்து விலக்கி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெளிந்தபின் தோள் வலிக்கிறது என்றால், "வலிப்பு வந்தது" என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, அக்குள் பக்கமிருந்து எடுக்கும் அந்த இரண்டாவது படத்தையும் கேட்டு வாங்குங்கள்.