பழைய கணினியின் மறதி

மூப்பெய்தியோர் சிலர் நெடுநாட் பழகிய பெயர்களையும் மறந்துவிடுவதுண்டு. வீட்டிலுள்ள பழைய கணினிக்கும் இத்தகைய மறதி ஒன்று உளது. பல மாதங்கள் அலுமாரியிற் கிடந்த கணினியை எடுத்து இயக்குங்கால், கருந்திரையிலே 'சீமோஸ் செக்சம் எரர்' என்னும் வாசகம் தோன்றும். மேலே செல்வதற்கு எஃப் 1 விசையை அழுத்துமாறும் அது கூறும். இதனைக் கண்டோர் சிலர் கணினி அழிந்ததெனத் துணிந்து அதனை எறிந்துவிடுகின்றனர். வேறு சிலர் வன்தட்டை வெறுமையாக்கிப் பணிசெயல் முறைமையைப் புதிதாய் நிறுவுகின்றனர். பல்லாண்டு சேர்த்த கடிதங்களும் குடும்பப் படங்களும் இவ்வாறு வீணே அழிகின்றன. உண்மையிலோ, குறை பெரும்பாலும் ஒரு சிறு மின்கலத்திலேயே உளது.

1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியில் இம்மின்கலம் இருக்கவில்லை. கணினியின் உறுப்புக்கள் இவையென்பதைத் தாய்ப்பலகையிலுள்ள சிறு ஆளிகள் குறித்தன. திகதியையும் நேரத்தையும் இயக்குவோரே ஒவ்வொரு முறையும் பதிந்தனர். 1984 இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஏ.ரி. என்னும் கணினியிலே, மோட்டரோலா நிறுவனத்தார் ஆக்கிய கடிகாரச் சில்லு ஒன்று இடம்பெற்றது. அதிலமைந்த 64 பைற்று நினைவகத்தில் 14 கடிகாரத்துக்கும், எஞ்சிய 50 அமைப்புக் குறிப்புக்களுக்கும் உரியன. சீமோஸ் என்னும் முறையில் ஆக்கப்பட்டமையின், மிகச் சிறிய மின்னோட்டமே அதற்குப் போதும். கணினி ஓய்ந்திருக்குங்கால் அவ்வோட்டத்தை அளிப்பது மின்கலமாகும்.

குறிப்புக்களைச் சேமிக்கும்போது அவ்வெண்களின் கூட்டுத்தொகையும் உடன் எழுதப்படும். இயக்குந்தோறும் பயோஸ் எனப்படும் தொடக்க நிரல் அவற்றை மீண்டும் கூட்டிப் பார்க்கும். மின்கலம் தளர்ந்து எண்கள் சிதைந்திருப்பின் இரு தொகைகளும் ஒவ்வா. எனவே மேற்காட்டிய வாசகம் எழுகின்றது. வன்தட்டிலுள்ளவை கெட்டன என்பது அதன் பொருளன்று. திகதி பல ஆண்டுகள் பின்சென்றிருத்தலால், இணையத்தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதனவாகித் தளங்கள் திறவாதிருத்தலும் கூடும்.

காரணத்தைத் தெளிதல் எளிது. நேரத்தைத் திருத்திச் சேமித்து, கணினியை நிறுத்தி, மின்னிணைப்பையும் ஓரிரவு முழுதும் நீக்கிவைக்க. மறுநாள் நேரம் பிழைத்திருப்பின் மின்கலத்தை மாற்றவேண்டும். பெரும்பாலான கணினிகளில் உள்ளது சீ.ஆர். 2032 என்னும் வில்லை வடிவ மின்கலம். 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது என்பதையே அவ்வெண் சுட்டுகின்றது. அதன் அழுத்தம் 3 வோல்ற்று. மின்னிணைப்பை முற்றாக நீக்கியபின் பெட்டியைத் திறந்து, பழையது எப்பக்கம் மேலாக இருந்ததென நோக்கி, புதியதையும் அவ்வாறே பொருத்துக. புதிய மின்கலத்துடனும் குறை நீங்காவிடின், தாய்ப்பலகையை அறிந்தோரிடம் காட்டுக.

இனி மிக இன்றியமையாதது ஒன்று. மறதியுற்ற கணினி தொழிற்சாலையில் இடப்பட்ட அமைப்புக்குத் திரும்பும். வன்தட்டை அணுகும் முறையும் அதனால் மாறியிருக்கலாம்; அப்பொழுது பணிசெயல் முறைமை பாதியில் நின்றுவிடும். புதிதாய் நிறுவ விரையாது, அமைப்புத் திரையிற் புகுந்து, ஏ.எச்.சி.ஐ., ஐ.டீ.ஈ. என்பவற்றுள் முன்னிருந்த முறையை மீளத் தெரிவுசெய்க. கணினி நலமாயிருக்கும்போதே அத்திரைகளைப் படமெடுத்து வைத்தல் நன்று.

மிகப் பழைய கணினிகள் சிலவற்றில், மீள மின்னேற்றப்படும் நிக்கல் கட்மியம் மின்கலம் பலகையிலே பற்றாசு வைக்கப்பட்டிருக்கும். அது கசிந்து செப்புத் தடங்களை அரிக்குமாதலால், கணினி இயங்கினும் அதனைக் காலந்தாழ்த்தாது அகற்றுவிக்க. கழற்றிய வில்லை மின்கலத்தைச் சிறுவர் கைக்கெட்ட வையற்க. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துள் உணவுக்குழாயைப் புண்படுத்த வல்லது.

கணினி காட்டும் பிழைவாசகம் தீர்ப்பன்று, முறைப்பாடேயாம். அதனை எழுத்தெழுத்தாகப் படித்துப் பொருளுணர்ந்தபின் கைவைப்போர், சிறிய செலவிலே பெரிய இழப்பைத் தவிர்ப்பர்.