லூமென் அதிகமிருந்தும் சில டார்ச் தூரம் அடிக்காதது ஏன்?

கோலார் தங்கவயலுக்கு 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. ஆனாலும் சுமார் 3 கிலோமீட்டர் ஆழம் போன அந்தச் சுரங்கங்களில், இறங்குபவர் தன் வெளிச்சத்தைத் தானே சுமக்க வேண்டியிருந்தது.

அப்படிக் கையோடு சுமக்கும் வெளிச்சமாக, இன்று மின்வெட்டுக்காக ஒரு பாக்கெட் எல்.இ.டி. டார்ச் வாங்குகிறீர்கள். பெட்டியில் லூமென் எண் பெரிதாக இருந்தால் போதுமா?

போதாது. லூமென் சொல்வது மொத்த வெளிச்சம் எவ்வளவு என்பதை மட்டும்தான்.

செடிக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயை விரலால் அழுத்துங்கள், பீய்ச்சி அடிக்கும். விட்டால் காலடியிலேயே கொட்டும். டார்ச்சில் அந்த விரல், எல்.இ.டி.யைச் சுற்றியுள்ள பளபளக்கும் கிண்ணம். கிண்ணம் ஆழமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் ஒளி குவிந்து தூரம் போகும். சொரசொரப்பாக இருந்தால் பரவும்.

கடையில் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் பளிச்சென்ற புள்ளியா? தெருவுக்கு நல்லது. பரந்த வட்டமா? வீட்டுக்குப் போதும்.

சில நிமிடம் எரியவும் விடுங்கள். சின்ன உடலில் சூடு தங்குவதால் பல டார்ச்சுகள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் குறைந்த வெளிச்சம் உங்களுக்குப் போதுமென்றால், தாராளமாக வாங்கலாம்.