இலைகளைத் தாண்டி வரும் கடிதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, ஒரு காலத்தில் முழுக்க ரப்பராக இருந்த தோட்டத்தில் அத்தை வீடு. தகரக் கூரை. பின்னால் இன்னும் அழிக்காமல் விட்ட சில நிரை பால்மரங்கள், அதற்கப்பால் செம்பனை. அங்கே போனால் மடிக்கணினியில் வேலை பார்க்க ஒரே வழி கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்தான். கூடத்தில் கைப்பேசியை வைத்தால் லைன் ஒரு கோடு. ஜன்னல் கட்டையில் வைத்தால் மூன்று.

மடிக்கணினிக்குள் இணையத்துக்கென்று இருப்பது பெரும்பாலும் வைஃபை வானொலி மட்டுமே. ஒரு வீட்டைத் தாண்டினாலே அதன் குரல் ஓய்ந்துவிடும். கைப்பேசிக்குள்ளோ இந்த வேலைக்கு இரண்டு வானொலிகள்: ஒன்று கணினியோடு பேசுகிறது, மற்றொன்று தொலைவிலுள்ள கோபுரத்தோடு. நடுவில் அது செய்யும் வேலை தோட்டத்து மக்களுக்குப் பழக்கமானதுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதங்களில் லயத்து வீட்டுக்கென்று முகவரி ஏது? தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். எது யாருக்கு என்று பார்த்துக் கொடுப்பது தோட்ட எழுத்தரான கிராணியின் பொறுப்பு. கைப்பேசியும் கணினிக்கு ஒரு வீட்டு எண் தருகிறது, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், வெளியுலகில் செல்லாத எண். கணினி அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் அனுப்புநர் முகவரியை மாற்றித் தன்னுடையதை எழுதி, எது யாருடையது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. அநேகமாகத் தொலைபேசி நிறுவனத்தின் கருவியும் மேலே இதே வேலையை இன்னொரு முறை செய்கிறது. சின்னக் கிராணிக்கு மேல் பெரிய கிராணி!

தபால் என்றதும் நினைவுக்கு வருபவர் துன் வீ. தி. சம்பந்தன். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட நாளில், 1960இல், தொழிலாளரின் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவர் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சர்.

ஜன்னலுக்கு வருவோம். தகரம் வானொலி அலையைத் திருப்பி அடிக்கும். அதனால் கூடத்தில் லைன் மெலிகிறது. வெளியே தடுப்பது இலை. பச்சை இலையின் பெரும்பகுதி தண்ணீர்தான். அலை கடக்கும்போது நீர் மூலக்கூறுகள் அதோடு சேர்ந்து ஆட முயன்று, அதன் ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடும். மிச்சத்தில் ஒரு பகுதியை இலைகளும் கிளைகளும் கண்டபடி சிதறடிக்கும். கைப்பேசி அலைகளில் 2600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11.5 சென்டிமீட்டர். ரப்பரின் மூவிலையில் ஓர் இலையை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய அதே அளவு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 33 சென்டிமீட்டர்; அது இலைகளுக்கிடையே அவ்வளவாக இளைக்காமல் வரும். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளின் ஓரத்திலும் நீண்ட அலைதான் கூடுதலாக வளைந்து போகும்.

மரம் செய்திக்குத் தடை என்று இதைப் படித்துவிட்டு நினைத்தால், பேராக்கின் பழைய கதை வேறு மாதிரி. பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877இல் ரப்பர் நாற்றுகள் நடப்பட்டன. அந்தக் கிழ மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அதே 1870களில்தான் அங்கிருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்ட் அலுவலகத்திலிருந்து தைப்பிங் பக்கம் தந்திக் கம்பி போனது. அதற்கும் முன்பே மலாய்க் காட்டுப் பால்மரம் ஒன்றின் பிசின் கடலுக்குள் இறங்கியிருந்தது: கட்டாபர்ச்சா. மலாய்க்காரர்கள் கத்திக் கைப்பிடிக்குப் பயன்படுத்திய இந்தப் பிசினைத்தான் 1851இல் டோவரையும் கலேயையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிக்கு மேலுறையாகப் போட்டார்கள்.

என்னை மலைக்க வைப்பது, ரப்பரும் கட்டாபர்ச்சாவும் ஒரே வேதிக் கண்ணியால் ஆனவை என்பது. இரண்டும் ஐசோப்ரீன் கண்ணிகளைக் கோத்த சங்கிலிதான். ரப்பரில் கண்ணிகள் ஒரே பக்கமாக வளைந்து சேர்வதால் சங்கிலி சுருண்டு கிடக்கிறது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். கட்டாபர்ச்சாவில் கண்ணிகள் பக்கம் மாறி மாறிச் சேர, சங்கிலி நேராகி, நெருக்கமாக அடுக்கிக்கொள்கிறது. ஆகவே அது கெட்டி. சூடு காட்டினால் மட்டும் இளகும். உப்பு நீரில் ரப்பர் கெட்டுப்போகும், இது தாங்கும். உலகம் முழுவதும் கம்பி போட வேண்டுமென்று காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்தே பிசின் எடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் பாலித்தீன் வந்த பிறகே அந்தத் தேவை ஓய்ந்தது.

இன்று கடலடியில் கிடப்பது கண்ணாடி இழை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான ஒரு கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர்; இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். வங்கக் கடலை 16 மில்லி நொடியில் கடக்கும் கடிதம், அத்தை வீட்டுக் கொல்லையிலுள்ள சில நிரை மரங்களில் திணறுகிறது.

ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் பால்மரம் இலை உதிர்க்கும். அந்தச் சில வாரங்கள் அலைக்கு வழி கொஞ்சம் திறக்கும். மிச்ச நிரைகளையும் அழித்துவிட்டுச் செம்பனை நடப்போகிறார்களாம். செம்பனை எந்த மாதத்திலும் மொட்டையாக நிற்காது.