பணவீக்கம் குறைந்தும் விலை இறங்காதது ஏன்?

"பணவீக்கம் குறைந்துவிட்டதாம், மாவின் விலை ஏன் பழைய விலைக்கு வரவில்லை?" என்று கடைக்கு வருவோர் கேட்கின்றனர். பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் தணிந்தாலும் ஏறிய விலை ஏறியதுதான்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் வந்த 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்தின் கீழ் இலக்கு 5 சதவீதம் என நிதியமைச்சருடன் உடன்பாடானது. தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் இதிலிருந்து 2 புள்ளிகளுக்கு மேல் விலகினால் மத்திய வங்கி பாராளுமன்றத்துக்குக் காரணம் கூற வேண்டும். கூடினால் மட்டுமல்ல, குறைந்தாலும்தான். விலை விழுந்துகொண்டே போனால் கொள்முதல் செய்து வைத்திருக்கும் நமக்கல்லவா நட்டம்!

மத்திய வங்கியின் கையிலுள்ள கடிவாளம் வட்டி வீதம். 2022 ஏப்ரலில் அதனை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினர். மேலதிகப்பற்றில் சரக்கெடுத்தவர்களுக்கு அதன் சூடு தெரியும். கடன் குறையும், வாங்கும் கை சுருங்கும், விலையேற்றம் மெல்லத் தணியும். அதற்குப் பல மாதங்கள் செல்லும்.

ஆனால் கோதுமை கப்பலில் வருவது. மா ஆலை நமது சீனக்குடாவிலேயே இருந்தாலும் உலகச் சந்தை விலையைக் கொழும்பின் வட்டி வீதத்தால் அடக்க முடியாது.