பரண்ல தாத்தாவோட பழைய கேமரா கிடைச்சுதா? உடனே திறந்துடாதீங்க!

நெல்லையில் உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு 'ஆக்ஃபா கிளிக்' கேமரா தூங்கிக்கொண்டிருக்கலாம். கிடைத்தால், பின்மூடியைத் திறக்காதீங்க!

ஏன்?
உள்ளே பாதி எடுத்த ரோல் இருக்கலாம். வெளிச்சம் பட்டால், குறுக்குத்துறை படித்துறையில் தாத்தா எடுத்த படம் நொடியில் அழிஞ்சிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பம் நனைந்துபோன வீடுகளுக்கு, மிச்சமிருப்பதே அதுவாக இருக்கலாம்.

எப்படித் தெரிஞ்சுக்கிறது?
பின்பக்க சிவப்பு ஜன்னலில் எண் தெரிந்தால் ரோல் இருக்கு. தெரியாவிட்டாலும் இருட்டில்தான் திறக்கணும்.

என்ன செய்யணும்?
குமிழைக் கடைசிவரை சுற்றுங்க. இருட்டறையில் ரோலை எடுத்து, இறுக்கி ஒட்டி, ஃபிலிம் கழுவும் லேபுக்கு அனுப்புங்க.

புதுசா எடுக்க ஆசையா?
120 ரோலில் 12 படம்தான். நல்ல வெயிலில், பத்தடி தள்ளி நின்று, யோசிச்சு அமுக்குங்க. அந்த நிதானம்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசியே!